தாம்பரம் மின்சார ரயில்தடமும் சென்னைப் புறநகர்க் குடியேற்றமும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை செல்லும் ரயில்தடம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுடையது. 1931ஆம் ஆண்டு மே 11 முதல் இத்தடம் முழுவதும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் இதுவே. நகரத்தில் வேலை, நகரத்துக்கு வெளியே வீடு என்னும் வாழ்க்கைமுறை சென்னையின் மாதச் சம்பளக்காரர்களுக்குக் கைகூடியதில் இத்தடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் மனை பார்க்கப் போனவர்கள் விலையைக் கேட்கும் முன்பே "ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டதற்கு ஒரு நூற்றாண்டுக் கால வரலாறு இருக்கிறது.

வேலைக்கு அருகே வீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் பெரும்பாலும் ஒட்டியே இருந்தன. இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் கீழே கடையும் மேலே வீடும் இருப்பது வழக்கம். துறைமுகத்தை நம்பி வாழ்ந்தவர்கள் ராயபுரம் பக்கம் இருந்தார்கள். ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்கள் இரு தரப்பினர். ஒரு தரப்பினர் மவுண்ட் ரோடின் இருபுறமும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்ட ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களும். சொந்தக் குதிரை வண்டி இருந்ததால் தூரம் அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. மற்றொரு தரப்பினர் பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய படைக்குடியிருப்புகளில் இருந்த சிப்பாய்களும், பணி முடித்து அங்கேயே தங்கிவிட்டவர்களும். பல்லாவரத்தில் 'வெட்டரன் லைன்ஸ்' என்ற பெயர் அக்காலத்தின் எச்சமாக இன்றும் நிலைத்திருக்கிறது.

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போவது அதனால் எளிதாயிற்று. ஆயினும் டிராம் நகரத்துக்குள்ளேயே சுற்றியது. 1953இல் அது நிறுத்தப்படும் வரை அதன் தண்டவாளம் பல்லாவரத்தை எட்டவில்லை.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. தெற்கே செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1870களில் வந்தது. எழும்பூர் நிலையத்தின் இன்றைய கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. ஆக, தாம்பரத்துக்கு ரயில் வந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகே அது குடியேற்றத்துக்குரிய ஊராக மாறத் தொடங்கியது. தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

மின்சாரம் மாற்றியது எதை?

நீராவி இயந்திரம் இழுக்கும் வண்டி நின்று கிளம்பி வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். நிலையங்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசி நிலையத்தில் இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் பூட்டவேண்டும். தண்ணீரும் நிலக்கரியும் நிரப்பவேண்டும். மின்சாரத் தொடர்வண்டியில் இந்த வேலைகள் இல்லை. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துபோனாலே வண்டி திரும்பிச் செல்லத் தயாராகிவிடும். விரைவாகக் கிளம்பும், விரைவாக நிற்கும். அதே பாதையில் அதிக வண்டிகளை விடமுடியும்.

அலுவலகம் போகிறவருக்கு வேகத்தைவிட இந்த எண்ணிக்கைதான் முக்கியம். காலையில் ஒரே ஒரு வண்டி என்றால் அதைத் தவறவிட்டவரின் அன்றைய வேலை போயிற்று. அத்தகைய ஊரில் குடும்பத்தோடு வீடெடுக்க எவரும் துணியமாட்டார். அடுத்த வண்டி சற்று நேரத்தில் வரும் என்ற உறுதி கிடைத்த பிறகே வாடகை வீட்டை விட்டுக் கிளம்பும் தைரியம் வருகிறது.

மின்மயப் பணி 1920களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1931 ஏப்ரலில் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே முதல் கட்டமும், மே மாதத்தில் தாம்பரம் வரையிலும் சேவை திறக்கப்பட்டது. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடிய இத்தடம் 1960களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது.

இத்தடத்தின் மற்றொரு நற்பேறு, நிலையங்கள் அமைந்த இடங்கள். கடற்கரையில் இறங்கினால் பாரிமுனை, துறைமுகம், பொது அஞ்சலகம், வங்கிகள், உயர்நீதிமன்றம். கோட்டையில் இறங்கினால் தலைமைச் செயலகம். பூங்காவில் இறங்கினால் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பொது மருத்துவமனை, சென்ட்ரல். அன்றைய அலுவலக வேலைகளில் பெரும்பகுதி இந்த மூன்று நிலையங்களிலிருந்து நடந்து எட்டக்கூடிய தொலைவில் இருந்தது. ரயிலை நம்பி வீடு வாங்கலாம் என்று மக்கள் துணிந்ததற்கு வண்டியின் திறமையைக் காட்டிலும் அலுவலகங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்ததே வலுவான காரணம் எனலாம். அந்தக் குவிப்பு கலைந்தபோது என்ன ஆயிற்று என்பது பின்னால் வரும்.

முதலில் சென்றவர்கள்

மின்சார ரயிலுக்கு முன்பே பல்லாவரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுள் மறைமலை அடிகள் குறிப்பிடத்தக்கவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர் 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நூலகமும் அச்சகமும் அமைத்துக்கொண்டு 1950இல் மறையும் வரை வாழ்ந்தார். 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பிடமும் அவ்வீடே. அவர் அன்றாடம் நகரத்துக்குப் போய்வர வேண்டியவர் அல்லர். அமைதியை நாடிப் போனவர். ஆனால் அவர் விட்டுவந்த கல்லூரியே கால் நூற்றாண்டுக்குப் பின் பல்லாவரத்தையும் தாண்டித் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் தவித்த கிறித்தவக் கல்லூரி, 350 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டுநிலத்தில் 1937இல் புதிய வளாகத்துக்கு மாறியது. நகரத்து மாணவர்களும் ஆசிரியர்களும் ரயிலில் வரலாம் என்ற நிலை இல்லாமல் இம்மாற்றத்தை நினைத்துப்பார்ப்பது கடினம்.

தாம்பரத்தின் காற்று நல்லது என்ற பெயருக்கு வேறொரு நிறுவனமும் காரணம். மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு ஏற்ற மருந்துகள் கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சை. 1937இல் அரசு இதை ஏற்றுக்கொண்டது. 'தாம்பரம் சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் அமைந்துவிட்டது. நோயாளியின் பெயரால் அறியப்படும் நிலையத்தருகே ஆரோக்கியமானவர்கள் வீடு தேடி வந்தது சற்று விந்தைதான்.

அதற்கு அடுத்த நிலையத்தின் கதை நேர்மாறானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்தை ஒட்டி அமைந்த 'குரோம் லெதர்' தொழிற்சாலையிலிருந்தே குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையின் பெயரை ஊர்ப்பெயராகச் சுமக்கும் இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. நல்ல காற்றுக்காக வந்தவர்கள் தோல் பதனிடும் நெடியையும் சேர்த்துப் பெற்றார்கள். பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்துப் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. கிணற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மனை வாங்கும் அறிவு பின்வந்தவர்களுக்கு இப்படித்தான் ஏற்பட்டது.

நகரத்துக்கு அண்மையில் மாம்பலத்தில் நடந்தது வேறுவகை. 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்துத் திட்டமிட்டு உருவாக்கிய தியாகராய நகர், பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு விரிந்தது. தெருக்கள் வரைபடத்தில் முதலில் வந்தன, வீடுகள் பின்னர் வந்தன. தாம்பரம் பக்கம் அவ்வாறு திட்டமிட்டுக் கட்டியவர் எவரும் இல்லை. வயலை வாங்கியவர்கள் அதைத் துண்டுபோட்டு விற்றார்கள், வாங்கியவர்கள் கட்டினார்கள், தெருவும் சாக்கடையும் அதன்பின் வந்தன, சில இடங்களில் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து.

அரை கிரவுண்டு மனையின் கணக்கு

1931 கணக்கெடுப்பில் சென்னை மாநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.5 லட்சம். 1951இல் அது 14 லட்சத்தைத் தாண்டியது. இடையில் மாநகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம்தான். எனினும் போர்க்காலத்திலும் அதன் பின்னும் நகருக்கு வந்தவர்கள் ஏராளம். வாடகை வீடு கிடைப்பது அரிதாயிற்று. மைய அரசு, மாநில அரசு, வங்கி, ரயில்வே ஊழியர்கள் 1950கள் தொடங்கிப் பழவந்தாங்கலை ஒட்டிய நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய இடங்களில் மனை வாங்கலானார்கள்.

சென்னையில் மனையை அளக்கும் அலகு கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நகரத்துக்குள் ஒரு கிரவுண்டு வாங்குவது எழுத்தர் ஒருவரின் கனவுக்கும் எட்டாதது. தாம்பரம் தடத்தில் அரை கிரவுண்டாவது அகப்படும். வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணமும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனும் மனைவியின் நகையும் சேர்ந்து ஒரு வீடாகும். முதலில் ஓர் அறையும் சமையலறையும். பிள்ளைகள் வளர வளர மற்றவை. இப்பகுதிகளின் பழைய வீடுகள் பல, இரண்டு மூன்று காலத்துக் கட்டுமானங்களை ஒட்டவைத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியது சீசன் டிக்கெட். புறநகர் ரயில்களில் மாத சீசன் கட்டணம் ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்துக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் 25 நாள் போய்வருபவர் 50 முறை பயணம் செய்கிறார். அவர் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கட்டணமே. 2014 ஜூனில் இதை 30 பயணங்களுக்கு ஈடாக உயர்த்த எடுத்த முடிவு, எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. சலுகையைக் கூட்டியோ குறைத்தோ பேசுவோர் பெரும்பாலும் ரயில்வேயின் நட்டத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். அச்சலுகையை நம்பி முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கியவரின் கணக்கு அதில் சேர்வதில்லை.

இன்னொரு கணக்கு நிலையத்திலிருந்து வீட்டுக்கு உள்ள தூரம் பற்றியது. நடக்கும் தூரத்தில் உள்ள மனைகள் முதலில் விற்றுப்போயின. அடுத்த வட்டம் சைக்கிளில் எட்டுவது. நிலைய வாயிலில் வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கும் வாடகை நிறுத்தங்கள் இந்த இரண்டாம் வட்டத்தால் உண்டானவை. சைக்கிள் இருந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வட்டம் சிட்லபாக்கம், செம்பாக்கம், முடிச்சூர் என்று அகன்றுவிட்டது. தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்பதும் விலையைத் தீர்மானித்தது. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று ஊரே இரண்டாகப் பெயர் பெற்றதற்கு நடுவில் ஓடும் பாதையே காரணம். ரயில்கள் அதிகமாக அதிகமாக ரயில்வே கேட் மூடிக்கிடக்கும் நேரமும் அதிகமாயிற்று. எந்த ரயிலுக்காக மனை வாங்கினார்களோ அதே ரயில் அவர்களைக் கேட்டில் நிறுத்தியது. மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் மிகத் தாமதமாக வந்தன. சுரங்கப்பாதைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றது.

வண்டி புறப்படும் நிலையத்துக்கு மதிப்பு அதிகம் என்பதையும் பயணிகள் அறிந்திருந்தார்கள். தாம்பரத்தில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும். பல்லாவரத்தில் ஏறுபவர் வீட்டுக்கு அருகே இருந்தும் எழும்பூர்வரை நின்றே போகவேண்டியிருக்கலாம். பத்து நிமிடம் கூடுதலாகப் பயணம் செய்து அமர்ந்து செல்வதா, பத்து நிமிடம் மிச்சம்பிடித்து நின்று செல்வதா என்பது கேட்பதற்குச் சிறிய வினா. முப்பது ஆண்டுப் பணிக்காலத்துக்குப் பெருக்கிப்பார்த்தால் அப்படியன்று.

இக்கணக்குகள் எல்லாம் அலுவலகம் போகிறவரை வைத்துப் போட்டவை என்பதையும் சொல்லவேண்டும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவருக்குப் புறநகர் ஒரு படுக்கையறை மட்டுமே. குழாய்த் தண்ணீர் இல்லாத தெருவில், கிணறு வற்றிய கோடையில், கடைக்கும் மருத்துவரிடமும் பிள்ளைகளின் பள்ளிக்கும் நடந்தவர்கள் வீட்டில் இருந்த பெண்களே. ரயிலடியிலிருந்து வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு உள்ள தூரத்தை அளந்ததாகத் தெரியவில்லை. பின்னர் அப்பெண்களின் மகள்கள் வேலைக்குச் சென்று அதே வண்டியின் மகளிர் பெட்டியை நிரப்பினார்கள்.

ஏரிப் பாசன நிலம்

இப்பகுதி ஊர்ப்பெயர்களில் பல 'பாக்கம்' என்று முடிகின்றன. ஏறக்குறைய ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி இருந்தது. ஏரியின் கீழே வயல். மிகை நீர் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லக் கால்வாய். வயல் மனையானபின் ஏரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வாய்க்காலுக்குக் காவலும் இல்லாமல் போயிற்று. மனை வரைபடத்தில் தெருவாகக் காட்டப்பட்டது சில இடங்களில் நீர் ஓடிய வழியே ஆகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பகுதிகளும் மூழ்கின. இவ்வெள்ளத்தைச் செம்பரம்பாக்கம் ஏரி திறப்போடு மட்டும் சேர்த்துப் பேசுவது பொதுவழக்கம். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே உள்ளது. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளிலிருந்து அடையாற்றின் தொடக்கப் பகுதிக்கு வந்த நீர். தாம்பரம் நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் என்ற ஒரே தகுதியால் விலை ஏறிய மனைகள் பல இந்த வழியில் இருந்தன.

மனையின் பத்திரம் குறித்த இடரும் இத்தகையதே. உரிய திட்ட அனுமதி இல்லாமல், ஊராட்சி ஒப்புதல் என்ற பெயரில் பிரித்து விற்கப்பட்ட மனைகள் புறநகரில் எண்ணற்றவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கலாம் என்று வைத்திருந்த மனையை விற்கமுடியாமல் பலர் திகைத்தார்கள். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபின் கட்டணம் செலுத்திச் சரிசெய்துகொள்ள வழி ஏற்பட்டது.

அலுவலகம் இடம் மாறியபோது

தாம்பரத்துக்கு அப்பால் செங்கல்பட்டு வரையிலும் மின்சார ரயில் நீண்டது. 1980களில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய துணை நகருக்கு மறைமலை நகர் என்று பெயர் சூட்டப்பட்டது. பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தவரின் பெயர் அவருடைய வீட்டிலிருந்து மேலும் தெற்கே சென்று ஒரு ரயில் நிலையத்தில் நிலைத்தது. பூங்கா நிலையத்தருகே இருந்த விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்கு மாறியது. இடப்பற்றாக்குறையால் ஊரைவிட்டுப் போனவர்கள் மனிதர்கள் மட்டும் அல்லர்.

மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1 அன்று விடைபெற்றது. 73 ஆண்டுகள் ஓடிய மஞ்சளும் பழுப்புமான சிறிய பெட்டிகளுக்குப் பதில் அகலப்பாதையில் பெரிய பெட்டிகள் வந்தன. கூடுதலான பயணிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேலை வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் பெருகின. அச்சாலை தாம்பரம் தடத்துக்குக் கிழக்கே, அதற்கு இணையாக, வெகுதூரம் செல்கிறது. இரண்டையும் குறுக்காக இணைக்கும் ரயில் அப்போது இருக்கவில்லை. கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை எட்டி நின்றது. அங்கிருந்து பரங்கிமலைக்கு உள்ள சில கிலோமீட்டர் இணைப்பு ஆதம்பாக்கத்தின் நில வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. பாரிமுனைக்குப் போன தந்தை ரயிலை வைத்துக் குரோம்பேட்டையில் வாங்கிய வீட்டிலிருந்து, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகள் மேடவாக்கம் வழியாகப் பேருந்தில் நெரிசலில் செல்கிறாள். வீடு நகரவில்லை, பாதையும் நகரவில்லை. அலுவலகம் நகர்ந்துவிட்டது.

மாறாக, நகரத்திலிருந்து வெளியே செல்லும் காலை வண்டிகள் முன்போல் காலியாக ஓடுவதில்லை. தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி ஏற்றுமதி வளாகத்துக்கும், பொத்தேரியில் இறங்கிக் கல்லூரிக்கும், பரனூரில் இறங்கித் தொழில் நகரத்துக்கும் செல்பவர்கள் அவற்றை நிரப்புகிறார்கள். கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் இப்போது வீடு தேடுபவர்கள் வடக்கே போகும் வண்டியையும் தெற்கே போகும் வண்டியையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 2021இல் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட நகராட்சிகளை இணைத்துத் தாம்பரம் தனி மாநகராட்சி ஆயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் வெளியூர்ப் பேருந்துகளுக்கான முனையம் கோயம்பேட்டிலிருந்து வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்துக்கு வந்தது. தாம்பரம் நிலையத்தை ஒட்டிய அரை கிரவுண்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றின் விளம்பரப் பலகைகளில் நிலையத்துக்கு உள்ள தூரம் கிலோமீட்டரில் இல்லை, நிமிடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.